க கரையாத இடம்

துல்லியா பிராந்தானி அந்தக் குரலை மறுபடியும் ஓடவிட்டாள்.

"நாரைகளா, உங்க குதிரை இப்ப நரிகிட்ட இருக்கு. நாளைக்கு உங்க ஆளு எவனும் ஏறப்போறதில்ல... அ ஹவாலோ."

கிசுகிசுத்த ஆண் குரல். கடைசி இரண்டு சொல்லுக்குக் 'குதிரைமேல்' என்று அர்த்தம். அதோடு பதிவு முடிந்தது.

"போதுமா?" என்றார் கேப்டன் ரனியேரி. நாரைப் பேட்டையின் தலைவர். கழுத்தில் வெள்ளையும் நீலமுமாகப் பட்டுத் துண்டு. "நரிப் பேட்டைக்காரன் பேசறான்னு ஒரு குழந்தைக்கே தெரியும். இதுக்கு ஃப்ளாரன்ஸ்ல இருந்து ஒரு பொம்பள வரணுமா?"

துல்லியாவின் உதவியாளன் லில்லோ முந்திக்கொண்டான்.

"ஃப்ளாரன்ஸுக்கும் உங்க மோந்தெலார்கோவுக்கும் கடைசியா சண்டை எப்பங்க நடந்தது?"

"எழுநூறு வருஷம் இருக்கும்."

"அப்ப ஆறிடுச்சு."

"ஆறல."

லில்லோ நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஜன்னலுக்குக் கீழே சதுக்கத்தில் நாரைப் பேட்டை முழுக்கத் திரண்டு நின்றது. யாரும் கத்தவில்லை. அதுதான் இன்ஸ்பெக்டர் தொனாட்டிக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் இருந்த போலீஸ்காரர்கள் நாலே பேர். நாளைக்குப் பேட்டைகளுக்கு இடையே வருஷாந்தரக் குதிரை ஓட்டம்; இன்று சாயங்கால மணி அடித்ததும் ஒத்திகை. அதற்குள் குதிரை வராவிட்டால் இந்தக் கூட்டம் நேராக நரிப் பேட்டைக்குள் போகும். அதனால்தான் நீதிமன்றங்களுக்குக் குரல் ஆராய்ந்து சொல்லும் துல்லியாவை அவர் வரவழைத்திருந்தார். கேப்டனைக் கேட்காமல்.

நடந்தது இதுதான். ஓட்டத்துக்கு முந்தின நாட்களில் நரிப் பேட்டைக்காரர்கள் விடியற்காலையில் வந்து, நாரைப் பேட்டை லாயத்தின் வாசலில் நின்று வசைப்பாட்டு பாடுவார்கள். இவர்களும் விடாமல் திருப்பிப் பாடுவார்கள். இன்று காலையும் பாடினார்கள்.

*ரெண்டு காலு இருந்தும் நாரைக்கு*
*ஒத்தக் காலுல நிக்கிற பொழப்பு!*

இதைக் கேட்டுவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? காவலுக்கு நின்றவர்கள், குதிரையோடு வைக்கோலில் படுத்துத் தூங்கும் குதிரைக்காரன் ஒரேஸ்தே, எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். தொண்டை வறளும்வரை பாடிவிட்டுத் திரும்பினால் லாயம் காலி. ஒம்ப்ரோசா என்ற அந்தப் பழுப்புப் பெண்குதிரை இல்லை. ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்த ஒரேஸ்தேயின் செல்போனும் இல்லை. அந்தப் போனிலிருந்துதான் கேப்டனுக்கு இந்தக் குரல் வந்தது.

சீட்டுக் குலுக்கலில் விழுந்த குதிரை எதுவோ அதில்தான் ஓட வேண்டும். அது இல்லையென்றால் அந்த வருஷம் அந்தப் பேட்டைக்கு ஓட்டமே இல்லை.

"கேப்டன், 'குதிரைமேல்'னு ஒரு தடவ சொல்லுங்க" என்றாள் துல்லியா.

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"அக்கவல்லோ."

"இப்ப 'குதிரைகள்'னு சொல்லுங்க."

"இ ஹவல்லி. என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. முதல்ல நீங்க 'க'ன்னு அழுத்தினீங்க. ரெண்டாவதுல 'ஹ'ன்னு கரைச்சீங்க. எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

இத்தாலியில் இந்த டஸ்கனி வட்டாரம் முழுவதும் இப்படித்தான். இரண்டு உயிரொலிக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட 'க' மூச்சாகக் கரைந்துவிடும். நம் 'பகை'யில் இருக்கும் 'க' மாதிரி. ஆனால் சில சொற்களுக்குப் பின்னால் கரையாது. 'அந்தக் குதிரை' என்று சொல்லும்போது நடுவில் யாரும் கூப்பிடாமலே ஒரு 'க்' வந்து உட்காருகிறதல்லவா, அதுபோல இவர்களுடைய 'அ'வுக்குப் பின்னாலும் ஒன்று வந்து உட்காரும். இரட்டித்த 'க' கரையாது.

"இந்த ஊர்ல பொறந்தவன் தூக்கத்துலகூட அந்த இடத்துல 'ஹ' போட மாட்டான்" என்றாள் துல்லியா. "நாக்கே விடாது. இந்த ஆள் போட்டிருக்கான். 'க' பார்த்த இடத்துலெல்லாம் 'ஹ' போட்டா இந்த ஊர்க்காரன் ஆயிடலாம்னு நினைச்சிருக்கான். இவன் நரியும் இல்ல, நாரையும் இல்ல. வெளியூர்ல பொறந்து..."

"சார்து!" என்றார் கேப்டன்.

அவள் முடிப்பதற்குள் அவர் ஜன்னலுக்குப் போயிருந்தார்.

"கேளுங்க! நரி இல்லையாம்! வெளியூர்க்காரனாம்! நம்ம பேட்டைல வெளியூர்க்காரன் எவன் இருக்கான்?"

சதுக்கம் இப்போது கத்தியது. ஒரே சொல். சார்தேஞா தீவிலிருந்து நாரைப் பேட்டைக்குக் குதிரை ஓட்ட வந்த பாக்கிஸ் மூலாஸை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சார்து. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் துல்லியாவைப் பார்த்தார். "நல்லா அணைச்சீங்க தீய."

"பெட்ரோல் ஊத்தி" என்றான் லில்லோ.

துல்லியாவின் காது சிவந்தது. பாதிப் பேச்சைக் கொடுத்துவிட்டாள். மீதிப் பாதியைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

---

பாக்கிஸின் அறை லாயத்துக்கு நேர்மேலே இருந்தது. எதிரிப் பேட்டை விலை பேசிவிடக் கூடாதென்று ஓட்டக்காரனைப் பூட்டி வைப்பது வழக்கம். போனைப் பிடுங்கி வைப்பதும் வழக்கம். கதவுக்கு வெளியே கேப்டனின் ஆட்கள் இரண்டு பேர். அவர்களுக்கு முன்னால் இன்ஸ்பெக்டரின் ஆட்கள் இரண்டு பேர். நாலு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கட்டிலில் ஒரு குட்டையான மனிதன். உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது.

"யாரு அடிச்சது?" என்றாள் துல்லியா.

"கதவு."

"கதவுக்குக் கை முளைச்சிருக்கா?" என்றான் லில்லோ.

"இந்த ஊர்ல எல்லாத்துக்கும் முளைக்கும் தம்பி. நீ எந்த ஊரு?"

"சிசிலி."

"குதிரைக்கு உங்க ஊர்ல என்ன?"

"கவாடு." லில்லோ நாக்கை நன்றாக மடித்து அந்த 'ட'வைப் போட்டான்.

பாக்கிஸின் கண்ணில் முதன்முறையாக ஏதோ அசைந்தது. "எங்க மலைல 'அடு."

முதலில் இருக்க வேண்டிய 'க' அங்கே இல்லை. அந்த இடத்தில் தொண்டையில் ஒரு சின்ன வெட்டு மட்டும் கேட்டது. விக்கல் பாதியில் நின்ற மாதிரி.

"முழுங்கிட்டீங்களே" என்றான் லில்லோ.

"எங்க ஊர்ல 'க'வ முழுங்கிடுவோம். இத வெச்சுத்தான் பதினோரு வருஷமா இவனுங்க என்ன ஓட்டறானுங்க. சாராயக் கடைல நான் வாயத் திறந்தா தொண்டையப் பிடிச்சுக்கிட்டு விக்குவானுங்க. ஒத்திகைல முதல்ல வந்தப்பவும் விக்கினானுங்க. தோத்தப்பவும்."

"இத்தாலியன்ல சொல்லுங்க" என்றாள் துல்லியா. "'குதிரைமேல்'."

"மாட்டேன்."

"சொன்னா உங்களுக்கு நல்லது."

"எனக்கு நல்லதுன்னு சொல்லித்தான் போனப் பிடுங்கினாங்க. எனக்கு நல்லதுன்னுதான் இந்தப் பூட்டும். நீங்களும் விக்கிக் காட்டத்தான் கேக்கறீங்க."

துல்லியா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கீழிருந்து கத்தல் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. விரிசல் மட்டும் விட்டது.

"நான் சொன்ன ஒரு வார்த்தையால உங்கள அடிக்க வராங்க" என்றாள். "நீங்க சொல்ற ஒரு வார்த்தைய வெச்சு அத நான் திருப்பணும். எனக்கு வேற வழி தெரியல."

பாக்கிஸ் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"அக்க்கவல்ல்லோ" என்றான். 'குதிரைகள்' கேட்டதற்கு, "இக்க்கவல்ல்லி."

ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. சொந்த மொழியில் 'க'வை முழுங்குகிறவன், இத்தாலியன் பேச வந்தால் அதை மென்னியைப் பிடித்து நிறுத்துகிறான். சார்தேஞாக்காரர்கள் எல்லாருக்கும் இது உண்டு. எது தனி, எது இரட்டை என்று பார்ப்பதில்லை. எல்லாமே இரட்டை.

துல்லியா கதவைத் திறந்தாள். வெளியே கேப்டன் நின்றிருந்தார்.

"இவர் இல்ல. கேட்டீங்களா? உங்க ஊர் கரைக்கிற இடத்துலயே இவரால கரைக்க முடியாது. கரையாத இடத்துல எப்படிக் கரைப்பார்?"

"நடிக்கறான்."

"அந்தக் குரல் இவரோடதில்ல, கேப்டன்."

"உன் காது என் பேட்டைக்குச் சட்டமா?"

"அப்ப உங்க காது என்ன சொல்லுது?"

அவர் படியிறங்கிப் போனார்.

உள்ளேயிருந்து பாக்கிஸ் சொன்னான். "குதிரை கிடைச்சாலும் ஓட்டாதீங்க. நேத்து ஒத்திகைல வளைவுல இடது முன்னங்கால வெக்கத் தயங்குச்சு. கேப்டன்கிட்டச் சொன்னேன். 'பயமா இருந்தா ஊருக்குப் போய் ஆடு மேய்'னார்."

"மணி அடிச்சா இந்தக் கூட்டத்த என்னால தாங்க முடியாது மேடம்" என்றார் பின்னாலேயே வந்திருந்த இன்ஸ்பெக்டர். "கேட்டுக்கங்க. என்கிட்ட நாலு பேருதான்."

---

சதுக்கத்து வழியாகப் போனால் கல் விழும். குதிரை எந்த வழியாகப் போயிருக்கும் என்று பார்க்க, ஒரேஸ்தே அவர்களை லாயத்தின் பின்கதவு வழியாக அழைத்துப் போனான். பெரிய உடம்பு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காலையில் பாடப் போனதற்கு யாரும் அவனைத் திட்டவில்லை. எல்லாரும்தானே போனார்கள்.

பின்கதவுக்கு வெளியே ஒரு சின்ன முற்றம். முற்றத்தின் மறுபக்கம் பேட்டைக்குச் சொந்தமான கோயில். வேறு வழி கிடையாது.

"குதிரை இந்தப் பக்கமா வந்திருந்தா எப்படி வெளிய போயிருக்கும்?" என்றாள் துல்லியா.

"போக முடியாது. அதனாலதான் வாசல் வழியாத்தான் போயிருக்கணும்ங்கறாங்க. நாங்க பாடிக்கிட்டிருந்தப்பவே, எங்க முதுகுக்குப் பின்னால."

"கோயிலுக்குள்ள பார்த்தீங்களா?"

ஒரேஸ்தே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "குதிரை கோயிலுக்குள்ள வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும். ஓட்டத்தன்னிக்கு. பாதிரியார் மந்திரிச்சு விடுவார். அதுக்கு முன்னாடி நாள் உள்ள நுழைஞ்சா அந்தப் பேட்டை ஒழிஞ்சது. நரிகூட அப்படிப் பண்ணாது."

"அதான் பார்க்கல."

"எதுக்குப் பார்க்கணும்?"

லில்லோ வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். துல்லியா கோயிலின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினாள். அது பூட்டியிருக்கவில்லை.

உள்ளே குளுமை. மெழுகு வாசனை. சுவர் முழுக்க ஜெயித்த வருஷங்களின் கொடிகள். தரையெங்கும் கால்தடம் பதிந்த புழுதி. பீடத்துக்கு இடதுபக்கம் மட்டும், ஒரு கதவுக்கு முன்னால், ஒரு முழம் அகலத்துக்குக் கல் பளபளவென்று இருந்தது.

லில்லோ குனிந்து மோந்து பார்த்தான். "சோப்பு. சோப்புக்கு அடியில எங்க மாமா."

"என்ன?"

"மாமா பலெர்மோவுல குதிரைவண்டி ஓட்டினார் மேடம். அவர் வீட்டுக்குள்ள வந்தா அத்தை இதே சோப்பத்தான் எடுத்துக்கிட்டு ஓடுவா."

"சாணியா?"

"புதுசு."

துல்லியா நிமிர்ந்தாள். "ஒரேஸ்தே, குதிரை கோயிலுக்குள்ள சாணி போட்டா என்ன பண்ணுவீங்க?"

அவன் வீங்கிய முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அதவிட அதிர்ஷ்டம் உண்டா? முழங்கால் போடுவோம். ஓட்டம் முடியற வரைக்கும் யாரும் தொட மாட்டோம். தொட்டா அதிர்ஷ்டத்த வழிச்சு வெளிய கொட்டின மாதிரி."

"துடைக்க மாட்டீங்க."

"கைய வெட்டினாலும்."

"நரிப் பேட்டைக்காரன்?"

"அவனுக்கும் அதே வழக்கம்தான்."

"அவன் பொட்டலம் கட்டித் தன் கோயிலுக்குக் கொண்டுபோயிருப்பான்" என்றான் லில்லோ.

"ஆமா" என்றான் ஒரேஸ்தே சிரிக்காமல். "கொண்டுபோயிருப்பான்."

"பாக்கிஸ்?"

"அவனா? பூட்ஸ்ல பூசிக்குவான். பதினோரு வருஷமா ஓட்டறான்ல."

அவன் பேச்சு அங்கேயே நின்றது. பளபளத்த கல்லை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான். பிறகு அதன் பின்னால் இருந்த கதவை. ஊர்வல உடைகளும் முரசுகளும் வைக்கிற அறை. ஊர்வல வாரத்தில் அது காலியாகத்தான் இருக்கும்.

கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆள் சிந்துகிற அளவில் இல்லை.

ஒரேஸ்தே பாய்ந்தான். துல்லியா அவன் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் மெதுவாக. "இந்த வெயில்ல குதிரைக்குத் தண்ணி காட்ட யாராவது வருவாங்க. அது யாருன்னு தெரியாம குதிரைய வெளிய கொண்டுபோனா, அங்க இருக்கறவங்க பாக்கிஸ்தான் இங்க கட்டினான்னு சொல்லுவாங்க."

கொடிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். லில்லோ ஒரு பழைய கொடியைப் போர்வை மாதிரி இழுத்துக்கொண்டான். ஒரேஸ்தே அதை அவன் கையிலிருந்து பிடுங்கி முத்தமிட்டு மறுபடி தொங்கவிட்டான்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது.

உயரமான மனிதன். வெளுத்த தலைமயிர். கையில் வாளி. கழுத்தில் நாரைப் பேட்டைத் துண்டு, கொஞ்சம் தளர்வாக.

"யாருக்குத் தண்ணி?" என்றாள் துல்லியா.

வாளியிலிருந்து தண்ணீர் தளும்பிக் கொட்டியது.

"பூவுக்கு."

"பூவே இல்லையே."

ஒரேஸ்தே நம்ப முடியாமல் சொன்னான். "டாக்டர் அல்வீசே... நீங்களா?"

பேட்டையின் குதிரை வைத்தியன் அல்வீசே சனெத்தின். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேப்டனின் ஒரே மகளைக் கட்டியவன், ஞாயிறுதோறும் அவர் வீட்டில்தான் சாப்பாடு என்று ஒரேஸ்தே முணுமுணுத்தான். வடக்கே வெனிஸ் பக்கத்து ஆள்.

"நான் குதிரை வைத்தியன். கோயிலுக்கு வரக் கூடாதா?" என்றான் அவன்.

"'குதிரை'னு மறுபடியும் சொல்லுங்க" என்றாள் துல்லியா.

"கவாலோ."

"அதேதான். மேல கேப்டன்கிட்ட நான் பாதிதான் சொன்னேன். மீதி இது. அந்தப் பதிவுல 'ஹ' மட்டும் தப்பில்ல. இந்த ஊர் ஆளு 'கவல்லோ'ன்னு 'ல'வ இரட்டிப்பான். பாக்கிஸ் அதுக்கும் மேல. சிசிலிக்காரனுக்கு அது 'ட' ஆயிடும். பதிவுல இருந்தவன் ஒத்த 'ல'தான் போட்டான். அ ஹவாலோ. உங்க வடக்குல இரட்டையே கிடையாது. இரட்டை இல்லாத நாக்குக்கு 'அ'வுக்குப் பின்னால ஒரு 'க்' உட்கார்ந்திருக்கறதும் தெரியாது. அதான் அங்க கொண்டுபோய் 'ஹ' போட்டீங்க. ஒரே தப்பு, ரெண்டு இடத்துல தெரிஞ்சது."

அல்வீசே வாளியைக் கீழே வைத்தான்.

"சாணியும் போட்டுது" என்றான் லில்லோ. "மூணாவது இடம்."

"தரை அசிங்கமா இருந்தது. துடைச்சேன்" என்றான் அல்வீசே. அதில் என்ன தப்பு என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

ஒரேஸ்தே முஷ்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். லில்லோ நடுவில் புகுந்தான். ஒரேஸ்தேயின் உடம்பில் பாதிகூட இல்லாததால் அல்வீசேயோடு அவனும் சேர்ந்து சுவரில் மோதினான்.

"அடிச்சுக்க" என்றான் அல்வீசே. "இடது முன்னங்கால்ல உள்ளுக்குள்ள விரிசல் இருக்கு. வளைவுல முழு வேகத்துல திரும்பினா முறியும். முறிஞ்சா அங்கயே சுட்டுடுவாங்க. பாக்கிஸும் கல்சுவத்துல போய் விழுவான். மாமாகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். 'இருபது வருஷமா ஜெயிக்கல, இந்தக் குதிரை ஜெயிக்கும், நீ வாய மூடு'ன்னார். வேற என்ன பண்ணச் சொல்ற?"

"பாக்கிஸ் விழக் கூடாதுன்னு செஞ்சீங்க" என்றாள் துல்லியா. "இப்ப அவனத்தான் அடிக்கப் போறாங்க."

"நான் நரின்னுதானே சொன்னேன்!" அல்வீசேயின் குரல் உடைந்தது. "நரியோட வருஷா வருஷம் அடிச்சுக்கறாங்க. மூக்கு உடையும், அடுத்த வாரம் ஆறிடும். ஓட்டம் முடிஞ்சதும் குதிரைய விட்டுடலாம்னு நினைச்சேன். சார்துன்னு நான் எங்க சொன்னேன்? யார் சொன்னது?"

அவள் முடிப்பதற்குள் ஜன்னலுக்குப் போன கேப்டன் துல்லியாவின் நினைவுக்கு வந்தார்.

யார் சொன்னது?

அப்போது மணி அடித்தது.

---

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே அவரால் தாங்க முடியவில்லை. பாக்கிஸைக் கூட்டம் படியில் இழுத்து வந்தது. அவனைச் சதுக்கத்தின் நடுவே தள்ளிய நேரத்தில் கோயிலின் பெரிய கதவு திறந்தது.

வாசலில் ஒரேஸ்தே நின்றான். அவன் கையில் கடிவாளம். பின்னால் ஒம்ப்ரோசா, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

ஓட்டத்துக்கு முந்தின நாளில், கோயிலுக்குள், குதிரை.

பாக்கிஸைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. முன்வரிசையில் சிலர் முழங்கால் போட்டார்கள். பயத்திலா பக்தியிலா என்று அவர்களுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் உள்ளே நெருக்கியடித்து வர, ஒரேஸ்தே குதிரையைப் பீடத்துக்கு இடதுபக்கம் வரை பின்னுக்குக் கொண்டுபோனான்.

"யாரு?" என்று ஒருவன் கத்தினான். "எந்த நாய் கொண்டுவந்து கட்டினது?"

"நான்தான்" என்றான் அல்வீசே.

கேப்டன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மருமகனை அறைந்தார். "துரோகி! என் சோத்தத் தின்னுட்டு!"

"ஆமா கேப்டன்" என்றாள் துல்லியா. சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரல். ஆனால் கோயிலின் கல் அதைப் பெரிதாக்கியது. "உங்க வீட்டுச் சோறுதான். எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம உங்க மேஜைல உக்காந்து பேசற குரல். அந்தப் பதிவ எனக்கு முன்னாடி நீங்கதான் கேட்டீங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியல?"

"கிசுகிசுன்னு பேசினா எப்படித் தெரியும்?"

"ஒரேஸ்தே, டாக்டர் 'கவாலோ'ன்னு சொல்றத இந்தப் பேட்டைல யாராவது கிண்டல் பண்ணுவீங்களா?"

"எல்லாரும் பண்ணுவோம்" என்றான் ஒரேஸ்தே. கேப்டனைப் பார்த்தபடியே சொன்னான். "கல்யாணத்தன்னிக்கு முதல்ல பண்ணினது கேப்டன்தான். மேடைல ஏறி."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் 'வெளியூர்ல பொறந்து'ன்னு ஆரம்பிச்சேன்" என்றாள் துல்லியா. "முடிக்க விட்டீங்களா? நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஜன்னலுக்குப் போய் வேற ஒரு பேரச் சொன்னீங்க."

கேப்டனின் கை கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டது.

"சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டுவந்துடுவான்னு நினைச்சேன்" என்றார். "அவன் பயந்தாங்கொள்ளி. என் மக புருஷன். நான் என்ன பண்ணட்டும்? அவன இவனுங்ககிட்டக் குடுக்கவா? சார்து கூலிக்காரன். ரெண்டு அடி வாங்கினா மருந்து போட்டு அனுப்பிடலாம். குதிரை வந்துடுச்சுல்ல? நாளைக்கு ஓடலாம்ல?"

பாக்கிஸ் கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். சட்டை கிழிந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. நேராகக் குதிரையிடம் போனான். இடது முன்னங்காலில் தோளிலிருந்து கீழே மெதுவாகக் கையை ஓட்டினான். முட்டிக்குக் கீழே ஓரிடத்தில் அழுத்தினான். ஒம்ப்ரோசா காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டது. தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

கோயில் முழுவதும் அதைப் பார்த்தது. நாரை ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி.

பாக்கிஸ் அதன் காதருகே குனிந்து தன் மொழியில் ஏதோ சொன்னான். தொண்டையில் அந்தச் சின்ன வெட்டு கேட்டது. இந்த முறை யாரும் விக்கிக் காட்டவில்லை.

அவன் நிமிர்ந்து வாசலைப் பார்த்து நடந்தான். வழிவிட்டார்கள். ஒருவன் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தான்.

"என் போனக் குடு" என்றான் பாக்கிஸ்.

கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போய்விட்டான். அல்வீசேயை இன்ஸ்பெக்டர் வேறு வழியாகக் கூட்டிப் போனார். அவன் முதுகில் இரண்டு மூன்று பேர் துப்பினார்கள்.

கேப்டன் மட்டும் பீடத்துக்கு முன்னால் நின்றார். அவரைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டுப் போயிருந்தது.

ஒரேஸ்தே அவர் எதிரே வந்து கையை நீட்டினான்.

"என்ன?" என்றார் கேப்டன்.

"துண்டு."

"டேய், நான் பொறந்த அன்னிக்கு என் அப்பன் கட்டிவிட்டதுடா இது."

"தெரியும்."

கை இறங்கவில்லை. ரனியேரி முடிச்சை அவிழ்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஒரேஸ்தே அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஒம்ப்ரோசா வாலைத் தூக்கியது.

அல்வீசே துடைத்துவிட்ட அதே கல்லின்மேல், பீடத்துக்கு இடதுபக்கம், ஆவி பறக்க விழுந்தது. நாரைப் பேட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நாளைக்கு ஓட முடியாத குதிரையின் அதிர்ஷ்டம்.

"இப்ப என்ன பண்ணுவாங்க?" என்றான் லில்லோ துல்லியாவின் காதில்.

ஒரேஸ்தே அல்வீசே விட்டுப்போன வாளியை எடுத்தான். சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தையும் எடுத்தான். இரண்டையும் ரனியேரியின் காலடியில் கொண்டுபோய் வைத்தான்.

"தொடைங்க" என்றான். "இத நாரைக்காரன் எவனும் தொட மாட்டான்."